நிறுவன வாகனங்களுக்குக் காப்பீடு: பாலிசியும் பொறுப்பும்

1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையின் பேருந்துப் பணியை மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்ட்டர் இத்துறையின் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டிருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் தடம் தொடக்கத்திலேயே அரசின் வசமாயிற்று. 1965-ஆம் ஆண்டில் இத்துறை கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் இன்றும் திருவனந்தபுரத்திலேயே இயங்கி வருகிறது.

பேருந்தை ஓட்டும் பணியை ஓர் அரசோ நிறுவனமோ மேற்கொள்ளும்போது, அதனோடு சேர்ந்து மற்றொரு கடமையும் அதன் தோளில் ஏறுகிறது. அப்பேருந்தினால் சாலையில் செல்லும் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால், அதற்கு ஈடு செய்யும் பொறுப்பே அது. இந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதற்காகத் தோன்றிய ஏற்பாடே வாகனக் காப்பீடு. ஒரே ஒரு வேன் வைத்திருக்கும் பள்ளி முதல் ஆயிரக்கணக்கான பேருந்துகளை இயக்கும் கழகம் வரை இது அனைவருக்கும் பொருந்தும். எனினும் பல அலுவலகங்களில் காப்பீட்டுப் பாலிசி என்பது போக்குவரத்துக் காவலரிடம் காட்டுவதற்குரிய ஒரு தாள் என்ற அளவிலேயே கருதப்படுகிறது. அதன் உள்ளடக்கம் என்ன, எந்தச் சூழ்நிலையில் அது பயன் தராது, பாலிசி இன்றியே வாகனம் இயக்கச் சட்டம் யாருக்கு இடமளிக்கிறது என்பவை அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளாகும்.

பொறுப்பு நிறுவனத்தைச் சேர்வது எவ்வாறு?

ஊழியர் ஒருவர் தம் பணியின் போது கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு இழைத்தால், அத்தீங்கிற்கு அவரைப் பணியில் அமர்த்தியவரும் பொறுப்பாவார் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட சட்டக் கோட்பாடு. வாகனத்தை ஓட்டியவர் ஓட்டுநரே எனினும், பாதிக்கப்பட்டவரின் குடும்பம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். ஓட்டுநரின் ஊதியத்தைக் கொண்டு பெரிய தொகையை ஈடு செய்ய இயலாது என்பதால், நடைமுறையில் நிறுவனமே முதன்மை எதிர்மனுதாரர் ஆகிறது.

அரசும் இதற்கு விலக்கன்று. ராஜஸ்தானில் உதயப்பூர் ஆட்சியருக்குரிய அரசு ஜீப் ஒன்று, பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது நடைபாதையில் சென்ற ஒருவர் மீது மோதியது. காயமுற்ற அவர் பின்னர் இறந்தார். ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு மாநில அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டில் நிராகரித்தது. தனியார் முதலாளி எவ்வாறு பொறுப்பாவாரோ அவ்வாறே அரசும் பொறுப்பாகும் என்று தீர்ப்பளித்தது.

1977-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த மற்றொரு வழக்கு நிறுவனங்களுக்கு மிகவும் படிப்பினை தருவது. ஒரு நிறுவனத்தின் மேலாளர் நிறுவனத்தின் காரை ஓட்டிச் சென்றபோது, அது சாலையோர மரத்தில் மோதியது. உடன் பயணம் செய்தவர் இறந்தார். மேலாளர் நிறுவனத்தின் அலுவல் நிமித்தமே சென்றார் என்பதால் நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் பாலிசியின்படி பயணிக்காகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றிருந்த பொறுப்பு ரூ.15,000 வரை மட்டுமே. எஞ்சிய தொகை நிறுவனத்தின் தலையில் விழுந்தது. காப்பீடு இருப்பது வேறு, பொறுப்பு முழுவதையும் தாங்கும் அளவுக்குக் காப்பீடு இருப்பது வேறு என்பதை இவ்வழக்கு தெளிவாக்குகிறது.

கட்டாயக் காப்பீட்டின் வரலாறு

மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, விபத்தில் சிக்கியவர் வழக்கில் வென்றும் பணம் பெற இயலாத நிலை பல நாடுகளில் தோன்றியது. வாகன உரிமையாளரிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை என்பதே காரணம். இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதே ஏற்பாட்டை எட்டாம் அத்தியாயத்தில் சேர்த்தது. எனினும் அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டது. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கு நிறுவனங்களில் இத்தொழில் ஒருங்கிணைக்கப்பட்டது. யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன. இதற்கிடையில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் காப்பீட்டு அத்தியாயத்தை முழுமையாக மாற்றி எழுதியது. அம்மாற்றங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தன.

பழைய சட்டத்தில் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டிய தொகைக்கு வரம்புகள் இருந்தன. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாம் நபரின் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கு அவ்வரம்புகள் நீங்கின. தீர்ப்பாயம் எவ்வளவு தொகை விதிக்கிறதோ அவ்வளவும் காப்பீட்டின் எல்லைக்குள் வந்தது. சட்டம் கண்ட பெரிய முன்னேற்றங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

இருவகைப் பாலிசிகள்

வணிக வாகனங்களுக்கான பாலிசிகள் பொதுவாக இரு வகைப்படும். முதலாவது, பொறுப்பு மட்டும் ஏற்கும் பாலிசி. சட்டம் கட்டாயமாகக் கோருவது இதனையே. வாகனத்தால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை இது தாங்கும். பேருந்து போன்ற வாகனங்களில் கட்டணம் செலுத்திச் செல்லும் பயணிகளும், சரக்கு வாகனத்தில் தம் சரக்குடன் செல்லும் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதியும் இதில் அடங்குவர். ஆனால் லாரியில் இலவசமாக ஏறிச் செல்வோர் இதில் அடங்கார். ஊருக்குச் செல்லும் வழியில் பத்துப் பேரை ஏற்றிக்கொள்ளும் சரக்கு வாகனம் விபத்துக்குள்ளானால், அந்தப் பத்துப் பேருக்கான ஈடு பெரும்பாலும் உரிமையாளரின் கைப்பணத்திலிருந்தே வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை, பேக்கேஜ் பாலிசி. மூன்றாம் நபர் பொறுப்புடன் வாகனத்திற்கே நேரும் சேதத்தையும் இது ஏற்கிறது. தீ, திருட்டு, விபத்து, கலவரம், வெள்ளம், புயல் முதலியவற்றால் ஏற்படும் இழப்பு இதில் சேரும். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்களில் வாகனங்களை நிறுத்தி வைக்கும் நிறுவனங்கள் இதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. வணிக வாகன பேக்கேஜ் பாலிசிகளில் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்திற்கு ரூ.7.5 லட்சம் என்ற வரம்பு வழக்கத்தில் உள்ளது.

வாகனத்திற்கு வழங்கப்படும் தொகை, பாலிசியில் குறிப்பிடப்பட்ட மதிப்பைப் பொறுத்தது. உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து வாகனத்தின் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்து இம்மதிப்பு கணக்கிடப்படுகிறது. 2002-ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளில் ஆறு மாதத்திற்கு மேற்படாத வாகனத்திற்கு 5 விழுக்காடும், ஓராண்டு வரை 15 விழுக்காடும், இரண்டாண்டு வரை 20 விழுக்காடும், மூன்றாண்டு வரை 30 விழுக்காடும், நான்காண்டு வரை 40 விழுக்காடும், ஐந்தாண்டு வரை 50 விழுக்காடும் கழிக்கப்பட்டன. அதற்கு மேற்பட்ட வயதுடைய வாகனத்தின் மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்யும். பிரிமியத்தைக் குறைக்கும் எண்ணத்துடன் மதிப்பைக் குறைத்துக் காட்டும் நிறுவனம், வாகனம் களவு போனால் அக்குறைந்த தொகையையே பெறும்.

வணிக வாகன பேக்கேஜ் பாலிசியில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்களும் உள்ளன. டயர், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதித் தொகையே வழங்கப்படும். விளக்குகள், மட்கார்டு, பம்பர், வண்ணப்பூச்சு போன்றவற்றுக்கு ஏற்படும் சேதத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடுதல் பிரிமியம் செலுத்தித் தனி ஒப்புதல் பெறுவது வழக்கம். வாகனம் பட்டறையில் நிற்கும் நாட்களில் இழக்கும் வருவாயை இப்பாலிசி ஈடு செய்வதில்லை. எந்திரப் பழுதும் இதில் சேராது.

பிரிமியமும் இழப்பீடும்

வாகனச் சேதத்திற்கான பிரிமியத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் 2007 முதல் தாமே நிர்ணயித்து வருகின்றன. மூன்றாம் நபர் பிரிமியத்தை மட்டும் அரசு விதிகளின் மூலம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதத்தில், 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத மொத்த எடையுள்ள சரக்கு வாகனத்திற்கு ஆண்டுக்கு ரூ.16,049 என்றும், 12,000-க்கு மேல் 20,000 கிலோகிராம் வரை உள்ள லாரிக்கு ரூ.35,313 என்றும் விதிக்கப்பட்டது. பேருந்துகளுக்கு அடிப்படைத் தொகை ரூ.14,343, அதனுடன் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் ரூ.877. கல்வி நிறுவனப் பேருந்துகளுக்குச் சலுகை அளிக்கப்பட்டு அடிப்படை ரூ.12,192, பயணி ஒருவருக்கு ரூ.745 என்று அமைந்தது.

இவ்வீதத்தில் நாற்பது பயணிகளுக்கு அனுமதி பெற்ற பேருந்துக்கு மூன்றாம் நபர் பிரிமியம் ரூ.49,423 ஆகும். அதே அளவுள்ள பள்ளிப் பேருந்துக்கு ரூ.41,992 ஆகும். வரி தனி. சிறிய நிறுவனத்திற்கு இத்தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு விபத்தின் விலை என்ன என்பதையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009, 2017 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் வகுத்துள்ளது. எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.20,000 ஈட்டிவந்த 35 வயதுடைய சிறுகடைக்காரர் ஒருவர் பேருந்து மோதி இறந்தார் என்றும், அவருக்கு மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர் என்றும் கொள்வோம். சுயதொழில் செய்யும் நாற்பது வயதுக்குட்பட்டவரின் எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் மாத வருவாய் ரூ.28,000 ஆகிறது. மூவர் அவரைச் சார்ந்திருந்தமையால் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆண்டுக்கு எஞ்சுவது ரூ.2,24,000. அவ்வயதுக்குரிய பெருக்கு எண் 16. ஆகவே குடும்பம் இழந்த ஆதரவின் மதிப்பு ரூ.35,84,000. இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்தமை முதலிய தலைப்புகளில் வரும் தொகையும் வட்டியும் இதற்கு மேல் சேரும்.

மேற்கண்ட பேருந்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் செலுத்தக்கூடிய மூன்றாம் நபர் பிரிமியத்திற்குச் சமமான தொகை இது. ஒரே வாகனத்தை வைத்துத் தொழில் நடத்துபவர் பாலிசி இன்றி இவ்வகைத் தீர்ப்பைச் சந்திக்க நேர்ந்தால் தொழிலே முடங்கிவிடும். அத்துடன், அந்தக் கடைக்காரரின் குடும்பத்திற்கும் எதுவும் கிடைக்காமல் போகக்கூடும். கட்டாயக் காப்பீட்டைச் சட்டம் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. காப்பீடு இன்றி வாகனம் ஓட்டினால் முதல் முறை ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அடுத்த முறை ரூ.4,000 என்று சட்டம் கூறினும், உண்மையான தண்டனை விபத்து நேரும் நாளில்தான் தெரியவரும்.

நிறுவனங்களுக்கே உரிய சிக்கல்கள்

தனிநபர் தம் பாலிசியுடன் ரூ.15 லட்சத்திற்கான சொந்த விபத்துக் காப்பீட்டையும் பெறுகிறார். இது வாகனத்தை ஓட்டும் உரிமையாளருக்கு உரியது. கம்பெனியோ சங்கமோ அறக்கட்டளையோ ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. ஆகவே நிறுவனத்தின் பெயரில் உள்ள வாகனத்திற்கு இந்தக் காப்பீடு பொருந்துவதில்லை. வாகனத்தை ஓட்டும் ஊழியருக்கும் உடன் செல்லும் அலுவலர்களுக்கும் தனியே விபத்துக் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் கடமையாகிறது. ஓட்டுநர், நடத்துநர், சுமைப் பணியாளர் ஆகியோருக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டங்களின்கீழ் எழும் பொறுப்பு எந்த அளவுக்குப் பாலிசியில் சேர்க்கப்பட்டுள்ளது, எத்தனை பேருக்குப் பிரிமியம் செலுத்தப்பட்டுள்ளது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

வாடகை வாகனம் மற்றொரு சிக்கலாகும். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் போன்ற தொழில் வளாகங்களுக்கு ஊழியர்களை ஏற்றி வருவதற்கும், அரசு அலுவலகப் பணிகளுக்கும் ஒப்பந்த வாகனங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. வாகனம் தமக்குச் சொந்தமில்லை என்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்று அமர்த்துபவர் கருதுவது பிழை. ஒப்பந்தப் பேருந்தின் ஓட்டம் முழுவதும் போக்குவரத்துக் கழகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் கழகமும் பொறுப்பாகும் என்று ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக வழக்கில் 1997-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2011-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசக் கழக வழக்கில், வாடகைக்கு விடப்பட்ட வாகனத்துடன் அதன் காப்பீடும் தொடர்ந்து செல்கிறது என்றும், காப்பீட்டு நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஆகவே வாகனத்தை அமர்த்தும் அலுவலர், உரிமையாளரின் பாலிசி நடப்பில் உள்ளதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் மட்டுமின்றி ஒப்பந்தக் காலம் முழுவதும் கவனித்து வருதல் வேண்டும்.

பாலிசி எப்போது கைவிடும்?

பாலிசி ஓர் ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை நிறுவனம் மீறினால் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதம் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. உரிய உரிமம் இல்லாதவர் வாகனத்தை ஓட்டுதல், அனுமதிச் சீட்டில் குறிப்பிடாத காரியத்திற்கு வாகனத்தைப் பயன்படுத்துதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

இத்தகைய மீறல் இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையுடன் திரும்பக் கூடாது என்பது நீதிமன்றங்களின் நோக்கம். உரிமம் தொடர்பான மீறல்களில், முதலில் காப்பீட்டு நிறுவனம் பணம் தரட்டும், பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக் கொள்ளட்டும் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டில் விரிவாக வகுத்தது. அனுமதிச் சீட்டே இல்லாமல் ஓடிய வாகனம் குறித்த 2018-ஆம் ஆண்டு வழக்கிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. இதனால் குடும்பம் காக்கப்படுகிறது, ஆனால் நிறுவனம் காக்கப்படுவதில்லை. பல ஆண்டுகள் தவறாது பிரிமியம் செலுத்தியும், ஓட்டுநரின் உரிமம் காலாவதியானதைக் கவனிக்காத ஒரே குறையால் முழுத் தொகையையும் அது திருப்பிக் கொடுக்க நேரலாம்.

உரிமம் பற்றிய ஓர் ஐயம் அண்மையில் தீர்க்கப்பட்டுள்ளது. இலகு ரக வாகன உரிமம் பெற்றவர், 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சிறு வேன்களையும் சிறு சரக்கு வாகனங்களையும் இயக்கும் நிறுவனங்களுக்கு இது பெரும் ஆறுதல். கனரக வாகனங்களுக்கு இத்தீர்ப்பு பொருந்தாது.

விலக்கு பெற்றோரும் தனி நிதியும்

வணிகத் தொடர்பற்ற காரியங்களுக்குப் பயன்படும் மத்திய, மாநில அரசுகளின் வாகனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து 146-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் அரசு ஆணையின் மூலம் விலக்கு அளிக்கலாம். ஆனால் இதற்கு முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாம் நபருக்கு எழும் பொறுப்பைச் சந்திப்பதற்கென அந்த அமைப்பு தனி நிதி ஒன்றை ஏற்படுத்திப் பேணி வர வேண்டும்.

இவ்விலக்கின் பின்னணியில் உள்ள பொருளியல் எளிதானது. ஐந்து வாகனம் உள்ள நிறுவனத்திற்கு ஓர் ஆண்டில் விபத்தே நேராமல் போகலாம், அல்லது ஒரே விபத்தில் அது நொடித்துப் போகலாம். முன்கூட்டிக் கணிக்க இயலாது. ஐயாயிரம் பேருந்துகளை இயக்கும் கழகத்திற்கோ ஆண்டுதோறும் ஏறத்தாழ எவ்வளவு இழப்பீடு வரும் என்பது அனுபவத்தால் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் இலாபத்தையும் சேர்த்துப் பிரிமியமாகச் செலுத்துவதைவிட, அத்தொகையைத் தானே ஒதுக்கி வைப்பது சிக்கனமாகும். கேரளக் கழகத்தின் பேருந்துகளில் பெரும்பகுதி நீண்டகாலம் வெளிப் பாலிசி இன்றி ஓடியமையும், இழப்பீட்டைக் கழகமே செலுத்தி வந்தமையும் இவ்வழியைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தம் பொறுப்பைத் தாமே ஏற்று வந்துள்ளன.

கேரளத்தில் இடைவழி ஒன்றும் உண்டு. 1898-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் ஊழியர்க்கான ஆயுள் காப்பீட்டுடன் தோன்றிய மாநில இன்ஷூரன்ஸ் துறை, பின்னர் அரசு சார்ந்த வாகனங்களுக்கும் சொத்துகளுக்கும் காப்பீடு வழங்கும் பணியையும் மேற்கொண்டது. இங்கே பிரிமியம் அரசின் கருவூலத்தை விட்டு வெளியே செல்வதில்லை. எனினும் பொறுப்பு ஒரு பாலிசியின் வடிவில் வரையறுக்கப்படுகிறது.

தனி நிதி என்னும் ஏற்பாடு கோட்பாட்டளவில் குறையற்றது. நடைமுறையில் அது தடுமாறுவது ஓர் இடத்தில்தான். நிதி ஏட்டில் இருந்து கையிருப்பில் இல்லாவிடில் ஏற்பாடு முழுவதும் பொருளற்றுப் போகிறது. நட்டத்தில் இயங்கும் கழகம் ஒன்றில் டீசலுக்கும் ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் அன்றாடம் பணம் வேண்டும். தீர்ப்பாயத்தின் ஆணையோ காத்திருக்கக் கூடியதாகத் தோன்றுகிறது. விளைவாக இழப்பீடு நிலுவையில் நிற்க, வட்டி வளர்கிறது. தமிழ்நாட்டில் இழப்பீடு வழங்கப்படாமையால் நீதிமன்ற ஆணைப்படி அரசுப் பேருந்துகள் ஜப்தி செய்யப்படும் செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெற்று வந்துள்ளன. பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்து நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தப்படும்போது, கணவனை இழந்த பெண் ஒருவரின் காத்திருப்பும் ஒரு பொதுப் பணியின் முடக்கமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

காப்பீட்டு நிறுவனத்தைத் தனது மூலதனத்தையும் கடன் தீர்க்கும் ஆற்றலையும் காக்கும்படி கண்காணிக்க ஒழுங்குமுறை ஆணையம் உள்ளது. தன் பொறுப்பைத் தானே ஏற்கும் அமைப்பு, அதே கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிலுவையில் உள்ள வழக்குகளை மதிப்பிட்டு, அதற்கு ஈடான தொகையை வேறு எச்செலவுக்கும் எடுக்க இயலாதவாறு தனிக் கணக்கில் வைப்பதும், தணிக்கையாளர் அதனைச் சரிபார்ப்பதும் விலக்கின் உள்ளார்ந்த விலையாகும். இவ்விலையைக் கொடுக்க இயலாத அமைப்பு, பிரிமியம் செலுத்திப் பாலிசி எடுப்பதே நேர்மையான வழி.

விபத்து நேர்ந்த பின்

விபத்து நேர்ந்ததும் காயமுற்றவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது ஓட்டுநரின் முதற் கடமை. காவல் நிலையத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் உடனே தகவல் தர வேண்டும். காவல் துறை தன் விசாரணை அறிக்கையை மூன்று மாதத்திற்குள் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறுகிறது. குற்றம் எவருடையது என்று மெய்ப்பிக்காமலேயே மரணத்திற்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சமும் பெற 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. முழு இழப்பீடு வேண்டுவோர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். திருவனந்தபுரத்தில் இத்தீர்ப்பாயம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் செயல்பட்டு வருகிறது. ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற கெடுவை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்தியது. அதனை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன. எவ்வாறாயினும் பாதிக்கப்பட்டோர் தாமதியாது மனுச் செய்வதே நலம்.

அலுவலகம் கடைப்பிடிக்க வேண்டியவை

இவ்வளவு செய்திகளையும் நாள்தோறும் நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. ஆயின் வாகனம் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்ற அளவில் ஒரு பதிவேடு வைத்தல் எந்த அலுவலகத்திற்கும் எளிது. அதில் பாலிசி முடியும் நாள், தகுதிச் சான்று முடியும் நாள், அனுமதிச் சீட்டின் வகை, அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை, ஓட்டுநர் உரிமத்தின் வகையும் காலமும் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். பாலிசியைப் புதுப்பிக்கும் கோப்பு, முடியும் நாளுக்கு ஒரு திங்கள் முன்னதாகவே மேசைக்கு வர வேண்டும். ஒரே ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த நாளில் நேரும் விபத்துக்குக் காப்பு இல்லை. புதிய ஓட்டுநர் பணியில் சேரும்போது அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி வைப்பதோடு நில்லாமல், அதன் உண்மைத் தன்மையைப் போக்குவரத்துத் துறையின் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். சிறு செலவும் சில நிமிட உழைப்பும் கோரும் இப்பணி, பிற்காலத்தில் பல லட்சம் ரூபாயைத் திருப்பிச் செலுத்தும் நிலையிலிருந்து நிறுவனத்தைக் காக்கும்.

வாகனக் காப்பீட்டில் பிரிமியம் செலுத்துபவர் ஒருவர், அதன் பயனைப் பெறுபவரோ பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மற்றொருவர். சாலையைக் கடக்கும் முதியவரும் பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் தம்மை இடிக்கப்போகும் வாகனத்தின் பாலிசியைச் சரிபார்த்துவிட்டு நடப்பதில்லை. அவர்களுக்காக அதனைச் சரிபார்க்க வேண்டியவர் அந்த வாகனத்தின் கோப்பைக் கையாளும் அலுவலரே. பாலிசியாயினும் தனி நிதியாயினும், தீர்ப்பாயம் ஆணையிடும் நாளில் பணம் ஆயத்தமாக இருப்பதே அதன் தகுதிக்கு உரைகல்.